திரிந்த பாலின் வரலாறு

கல்கத்தாவிற்குக் குடிவந்த தமிழராகிய நாம் முதலில் வியப்பது, அந்நகரத்தார் திரிந்த பாலைப் போற்றும் முறையே. நம் இல்லங்களில் பால் திரிந்தால் முகம் சுளிப்போம். வங்காளியரோ வேண்டுமென்றே பாலைத் திரித்து, நீரை வடித்துச் 'சானா' ஆக்குகின்றனர். சந்தேஷும் ரசகுல்லாவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

பாக்பஜாரில் நபீன் சந்திர தாஸ் 1868-இல் பஞ்சனைய ரசகுல்லாவைச் செய்தார் என்பர் வங்காளியர். ஒடிசா மக்களோ பூரி ஜகந்நாதர் ஆலய மரபைச் சான்று காட்டுவர். வங்க ரசகுல்லா 2017-இலும், ஒடிசா ரசகோலா 2019-இலும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றன.

1965-இல் பால் தட்டுப்பாடு முற்றியது. முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு சானா இனிப்புகளுக்குத் தடை விதித்தது. குழந்தைகளுக்குப் பால் வேண்டும் என்பது ஒரு நியாயம். இனிப்புத் தொழிலையே நம்பிய குடும்பங்களுக்குச் சோறு வேண்டும் என்பது மற்றொரு நியாயம். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் எளிதாய் இல்லை.

1972-இல் நபீன் சந்திரரின் வழிவந்த கே.சி. தாஸ் நிறுவனம் பெங்களூரில் கடை திறந்தது. அங்ஙனம் ரசகுல்லா தெற்கே குடிபெயர்ந்தது. நம் இட்டிலியும் தோசையும் அதற்கு முன்னரே வடக்கே வந்துவிட்டன. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வங்காளியர் அவற்றை நம்மோடு அமர்ந்து உண்கின்றனர். நாமும் பாக்பஜார் சென்று ஒரு ரசகுல்லா உண்போம். அதன் பாகில் கலந்துள்ள வரலாற்றையும் நினைவிற் கொள்வோம்.