சேஷாசலம் வழக்குச் சாட்சிகள்

2015 ஏப்ரல் 7 அதிகாலையில் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், சந்திரகிரியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்களைச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக்கொன்றது. அது மோதல் அல்ல என்று வாக்குமூலம் தந்து உயிர் தப்பிய மூன்று தொழிலாளர்களே இவ்வழக்கின் முக்கியச் சாட்சிகள். இறந்தவர்களில் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். 7 பேர் தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைப்பகுதியினர். ஒருவர் சேலம் மாவட்டத்தவர். சாட்சிகளின் பெயர்கள் அப்போதே ஊடகங்களில் வந்துவிட்டன. அப்படி வந்ததே அவர்களுக்கு ஆபத்து என்பதால் இங்கு அவை தரப்படவில்லை.

செம்மரம் இயற்கையாக வளரும் பரப்பு சேஷாசலம், பாலகொண்டா போன்ற தென் ஆந்திர மலைகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்குப் பெரும் விலை உண்டு. அந்த விலையில் மிகச் சிறு பங்குக்காக ஜவ்வாது மலை, போளூர், கண்ணமங்கலம் பகுதிகளிலிருந்து ஆட்களை மேஸ்திரிகள் திரட்டிச் செல்வது வழக்கமாகியிருந்தது. கட்டட வேலை, பெயின்ட் அடிக்கும் வேலை என்று சொல்லி அழைத்துப் போனதாகப் பல குடும்பங்கள் கூறின. 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட பிறகு நூற்றுக்கணக்கான தமிழர்கள் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். கத்தி எடுத்து மரம் வெட்டப் போனவன், பேருந்தில் சும்மா போனவன் என்ற வேறுபாடே மங்கிப்போயிருந்த காலம் அது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லும் அரிவாளுமாகத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. உடல்கள் இரண்டு இடங்களில் கிடந்தன. சாட்சிகள் சொன்னது வேறு: இறந்தவர்களில் பலர் முந்தைய நாளே பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள். ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒருவர் பிடிபடாமல் தப்பினார். இன்னொருவர் தம்முடன் வந்தவர்களிடமிருந்து பிரிந்திருந்த நேரத்தில் அவர்கள் பிடிபட்டார்கள். மூன்றாமவர் பிடிபட்டபின் தப்பி ஓடினார். இவர்களை மக்கள் கண்காணிப்பகம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது. சாட்சிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பாதுகாப்புத் தரும்படி ஆணையம் உத்தரவிட்டது.

அதே நாட்களில் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் ஆறு உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் இருந்தன. சித்திரவதை நடந்ததாகச் சொல்லி உறவினர்கள் மறு உடற்கூறாய்வு கேட்டார்கள். இறந்த ஒருவரின் மனைவி நீதிமன்றம் போனார். உயர் நீதிமன்ற ஆணைப்படி ஹைதராபாத்திலிருந்து மருத்துவர் குழு வந்து மறு ஆய்வு செய்தது. படையினர்மீது கொலை வழக்குப் பதிவானதும் அந்தப் பெண்ணின் புகாரின் பேரில்தான். ஒரு கிராமத்துப் பெண் அண்டை மாநிலக் காவல்துறையை எதிர்த்து நின்றது இவ்வழக்கு வரலாற்றில் மிகப் பெரிய செயல்.

இங்கு மிரட்டல் என்பதற்குத் தொலைபேசி அழைப்போ இரவில் வரும் ஆளோ தேவையில்லை. நான் அந்தப் பேருந்தில் இருந்தேன் என்று சொல்லும் ஒருவர், மரம் வெட்டப் போனேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். படை பதிந்த கடத்தல் வழக்கில் பெயர் தெரியாத குற்றவாளிகள் இருக்கும் வரை எந்தச் சாட்சியையும் அதில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. புலன்விசாரணையோ ஆந்திரக் காவல்துறையிடமே இருந்தது. 1993 ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு ஆணையத்தின் முன் சொன்னதைச் சொன்னவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பொய்ச்சாட்சி வழக்கு மட்டுமே விலக்கு. ஆனால் அந்தக் காப்பு ஆணையத்தின் அறைக்குள் சொன்னதற்கு மட்டும்தான். 2015 மே மாத இறுதியில் ஆணையம் சிபிஐ விசாரணையையும் இறந்தவர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் பரிந்துரைத்தது. பரிந்துரையைத் தானே நிறைவேற்றும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை.

பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கி வாயடைக்கும் முறைக்குப் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரம் பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களையும் ஊராரையும் சிறையில் தள்ளினார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் அந்தக் கொடுமையை வெளியே கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டார்கள். 2023 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சாட்சிகளை வாயடைப்பதன் மிகக் கொடிய வடிவம் இலங்கையில் தெரிந்தது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படமெடுத்த சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் தேதி சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஐவரில் தம் மகனை இழந்து சாட்சி சொன்ன தந்தை ஒருவர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்காலில் காயம்பட்டோரைக் கவனித்து இறப்பு விவரங்களை உலகுக்குச் சொன்ன அரசு மருத்துவர்கள் போர் முடிந்ததும் தடுத்துவைக்கப்பட்டார்கள். 2009 ஜூலையில் செய்தியாளர் கூட்டத்தில் அவர்களே தங்கள் எண்ணிக்கையை மறுத்துப் பேச வேண்டியதாயிற்று.

இந்தியாவில் நாடு முழுமைக்குமான சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று, சட்டம் இயற்றப்படும் வரை எல்லா மாநிலங்களும் பின்பற்ற ஆணையிட்டது. 2023 ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398 ஆவது பிரிவு இத்தகைய திட்டத்தை மாநிலங்களின் கடமையாக்கியது. 2018 திட்டத்தின்படி குற்றம் நடந்த மாவட்டத்தில்தான் சாட்சி விண்ணப்பிக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு என்ற அறிக்கையை அப்பகுதியின் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி எழுதுவார். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதங்களுக்கு மிகாது. போளூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு இது பொருந்தும் விதம் இதுதான்: அவர் ஆந்திராவில் மனுக் கொடுக்க வேண்டும், யாரைக் கண்டு அஞ்சுகிறாரோ அதே மாநிலத்துக் காவல்துறை அவர் அச்சத்தை அளந்து எழுத வேண்டும்.