தாமதமாக அழுத்தும் கை: ‘சன்யோக்’ குறித்து ஒரு மறுவாசிப்பு

உதவிக் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு வேலைப் பங்கீடு நிலைபெற்றுவிட்டது: மருத்துவத் தரப்பு தேவையைச் சொல்லும், பொறியாளர் கருவியைச் செய்வார், மருத்துவத் தரப்பு சோதித்துப் பார்க்கும். கரக்பூர் ஐஐடியில் அனுபம் பாசு குழுவினர் உருவாக்கிய ‘சன்யோக்’ மென்பொருளையும் இப்படியே வாசிக்கிறார்கள். மூளை முடக்குவாதத்தால் பேச இயலாதவர் படக்குறிகளைத் தேர்ந்தால் அது வாக்கியம் அமைத்துத் தரும். சுதா கௌல் 1974இல் கொல்கத்தாவில் தொடங்கிய மூளை முடக்குவாத நிறுவனத்தின் பங்கு, பயனாளிகளை அளித்ததோடு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை.

சமித் பட்டாச்சார்யா, தேபாசிஸ் சமந்தா, பாசு ஆகியோர் 2008இல் எழுதிய கட்டுரையே இங்கு முதன்மைச் சான்று. திரையில் தோன்றும் விசைப்பலகையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய கட்டம் ஒளிரும்போது ஒரே சுவிட்சை அழுத்த வேண்டும். இதில் நேரும் பிழைகளை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: உரிய நேரத்தில் அழுத்தத் தவறுவது நேரப்பிழை, வேறு கட்டத்தைத் தேர்ந்துவிடுவது தேர்வுப்பிழை. விசைப்பலகை வடிவமைப்புக்கான நெறிகளாகவே பின்வந்தோர் இதைப் படித்தனர். நேரப்பிழை மிகுந்தால் கட்டம் ஒளிரும் நேரத்தைக் கூட்டு, அவ்வளவுதான்.

ஆனால் நேரப்பிழை எங்கே பிறக்கிறது? மூளை முடக்குவாதமுள்ள பல குழந்தைகளிடம் கைக்குழந்தைப் பருவத்துக் கழுத்து அனிச்சை மறையாமல் நீடிக்கிறது. தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை விறைத்து நீளும், மறுகை மடங்கும். திரை சற்று வலப்புறம் இருந்தால் போதும். அதைப் பார்க்கத் திரும்பிய கணமே வலக்கை நீண்டு, மார்புக்கருகில் உள்ள சுவிட்சுக்கு வர மறுக்கும். கணினி அதை நேரப்பிழை என்று பதிவு செய்யும். ஒளிரும் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தக் கை வராது. திரையை உடலின் நடுக்கோட்டுக்கு நகர்த்தினால் வரக்கூடும். இதைக் கண்டறிபவர் நிரலாளர் அல்ல, குழந்தையின் இடுப்பையும் தலையையும் நிலைநிறுத்தத் தெரிந்த இயன்முறை மருத்துவர். கட்டுரையாசிரியர்கள் இந்த முடிவைச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. எல்லா நேரப்பிழைகளும் அனிச்சையால் வருபவை என்றும் நான் கூறவில்லை. சோர்வும் கவனச்சிதறலும் உண்டு. எனினும் பிழைப்பதிவு ஒரு நோயறி ஆவணமும்கூட என்பதில் எனக்கு ஐயமில்லை. இரு துறைகளின் கூட்டுழைப்பு மெய்யாக நிகழும் இடம் அதுவே.

திறன்பேசிகள் வந்தபின் இவ்வாதம் காலாவதியாகிவிட்டது என்பது எளிதில் விழும் மறுப்பு: அவற்றின் சுவிட்ச் அணுகல் வசதியிலும் இதே ஒளிரும் நேரத்தை யாரோ ஒருவர் அமைத்துத்தான் ஆக வேண்டும். மருத்துவர்களுக்கே பொறியியல் கற்பிப்பது இன்னொரு விடை; 2001இல் தொடங்கிய கரக்பூர் ஐஐடியின் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பப் பள்ளி அதைத்தான் செய்கிறது. மதிக்கத்தக்க முயற்சிதான். ஆனால் மருத்துவர்களுக்கான அந்த முதுநிலைப் படிப்பில் சேர்வோர் எம்பிபிஎஸ் முடித்தவர்கள். குழந்தையின் நாற்காலி அருகே நாள்தோறும் நிற்பவர் இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும்.

எனவே ஆய்விதழ்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய கட்டுரைகள் ஒளிரும் நேரத்தோடு குழந்தை அமர்ந்த நிலை, திரை இருந்த இடம், தசை விறைப்பின் அளவு ஆகியவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். அவற்றைக் கணித்தவரின் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.