"ஒப்புக்கொள்கிறேன்" - ஒரு பொத்தானின் வரலாறு

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிப் போனால் சேரப்பணஞ்சேரி, அதற்கப்புறம் ஒரகடம். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் பலர் வாடகை அறைகளில் தங்குகிறார்கள். ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "இனிமேல் உங்களைப் பற்றிய விவரங்களை என் அண்ணன் கடைக்குக் கொடுப்பேன். சம்மதம் என்றால் இருங்கள், இல்லையென்றால் காலி பண்ணுங்கள்" என்றால் என்ன ஆகும்? சண்டைதான்! ஆனால் செல்பேசியில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது பெரும்பாலானவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்...

2009-ல் ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் வாட்ஸ்அப்பைத் தொடங்கினார்கள். விளம்பரமே கிடையாது என்பதுதான் அவர்கள் கொள்கை. விலை குறைந்த நோக்கியா போன்களிலும் அது ஓடியது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே 2014 பிப்ரவரியில்தான் வாட்ஸ்அப்பை சுமார் 1900 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. பயனர்களுக்கு எதுவும் மாறாது என்று அப்போது கூம் உறுதி சொன்னார்.

இரண்டே ஆண்டுகள்தான். 2016 ஆகஸ்ட் 25-ல் விதி மாறியது. தொலைபேசி எண் உள்ளிட்ட கணக்கு விவரங்கள் பேஸ்புக்குக்குப் போகும் என்றார்கள். விளம்பரத்துக்காகப் பயன்படுத்துவதை மறுக்க பழைய பயனர்களுக்கு 30 நாள் அவகாசம். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதுவும் இல்லை.

இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார் தெரியுமா? இரண்டு மாணவர்கள்! நீதிமன்றம் செப்டம்பர் 23-ல் தீர்ப்பு சொன்னது. புதிய விதியை அது ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு கோடு போட்டது: செப்டம்பர் 25-க்கு முன் கணக்கை நீக்கியவர்களின் தகவல்களை அழிக்க வேண்டும், தொடர்பவர்களின் அந்தத் தேதி வரையிலான தகவல்களைப் பகிரக்கூடாது. பழைய வாக்குறுதியை நம்பிக் கொடுத்ததற்குப் பழைய விதிதான் என்பதே அதன் பொருள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஆகஸ்ட் 24-ல், வேறொரு வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

அதே 2017-ல் ஐரோப்பிய ஆணையம் பேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் போட்டது. இரு சேவைகளின் கணக்குகளையும் தானாக இணைப்பது பற்றி 2014-ல் தவறான தகவல் தந்தது என்பதுதான் குற்றம்.

2021 ஜனவரியில் மறுபடியும் மாற்றம். பிப்ரவரி 8-க்குள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் சேவை கிடைக்காது. இந்த முறை "வேண்டாம்" என்ற பொத்தானே இல்லை! பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓட, கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. ஏற்காதவர்களுக்கும் சேவையைக் குறைக்க மாட்டோம் என்று மே மாதம் நிறுவனம் மத்திய அரசுக்கு எழுதியது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? இதை ஐந்து நாளிதழ்களில் இரண்டு முறை விளம்பரம் செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குள் பலர் அழுத்தி முடித்திருந்தார்கள்.

2024 நவம்பர் 18-ல் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கியது, அபராதத்தை நீக்கவில்லை.

"இஷ்டமில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். அறையைக் காலி பண்ணினால் பக்கத்துத் தெருவில் இன்னொரு அறை கிடைக்கும். ஆனால் ஷிப்ட் மாற்றமும், பஸ் நேரமும், ஊரிலிருந்து அம்மாவின் குரலும் ஒரே செயலியில் வரும்போது ஒருவர் மட்டும் எங்கே போவது? எல்லோரும் உள்ளே வந்தபிறகு விதியை மாற்றுவது சுலபம். சம்மதம் என்ற சொல்லுக்கு அங்கே பாதி அர்த்தம்தான்.

அடுத்த முறை அந்தப் பெட்டி திரையில் வரும்போது மூன்று விஷயம் பாருங்கள் நண்பர்களே: எந்தத் தேதியிலிருந்து, புதிதாக என்ன கேட்கிறார்கள், "வேண்டாம்" என்ற பொத்தான் இருக்கிறதா? 2016-ல் அந்த இரண்டு மாணவர்களும் பார்த்தார்கள்... அதனால்தான் ஒரு தேதியாவது கிடைத்தது.