மகளை வரைந்த ஓவியர்

1893ஆம் ஆண்டு என்றவுடன் நம் நினைவில் எழுவது சிக்காகோ நகரிலே சுவாமி விவேகானந்தர் ஆற்றிய சொற்பொழிவே. 1897இல் அப்பெருமகனார் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளியதைப் பெரியோர் அறிவர். ஆனால், அதே ஆண்டில் அந்நகரிலே நடந்த உலகக் கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் ஓவியராகிய இராசா இரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் சென்று பரிசுபெற்றமை பலரும் அறியாத செய்தி.

அவற்றுள் ஒன்று 'இதோ அப்பா வருகிறார்' என்பது. இளந்தாயொருத்தி குழந்தையை ஏந்தி நின்று ஒரு திசையைச் சுட்டிக்காட்டுகின்றாள். காலடியிலே ஒரு நாய். வருகின்ற தந்தையோ படத்தில் இல்லை! அத்தாய் ஓவியரின் மூத்த மகள் மகாபிரபை. மருமக்கட்டாய வழக்கிலே பிள்ளைகள் தாய்வீட்டுக்கு உரியவர்கள், தந்தை வந்துபோகின்றவர். இரவிவர்மாவின் துணைவியாரும் மாவேலிக்கரை அரசகுடும்பத்தவரே. ஓவியரோ ஊரூராகச் சென்று வரைந்தவர். அம்மகள் சிறுமியாயிருந்த காலத்திலே எத்தனை முறை இவ்வாறு வாசலை நோக்கியிருப்பாளோ!

இரவிவர்மா 1848இல் கிளிமானூரிற் பிறந்து, பதினான்காம் வயதிலே திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையைக் கற்பிக்க அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம்பிள்ளையே மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்பர். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதை அருகிருந்து பார்ப்பதற்கு மட்டுமே இசைந்தார். பார்த்தே கற்றவர், 1873இல் சென்னைக் கண்காட்சியிலே, கூந்தலுக்கு மலர் சூட்டும் நாயர்ப் பெண்ணின் ஓவியத்துக்குப் பொற்பதக்கம் பெற்றார். அது வியன்னாவிலும் பரிசு பெற்றது.

இவரைக் கடுமையாகக் கண்டித்தவர் ஒருவர் உண்டு. அவர் யாழ்ப்பாணத்து வழித்தோன்றலாகிய கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி. புராணக் காட்சிகளை இரவிவர்மா நாடகமேடைபோல் ஆக்கிவிட்டார், இந்திய உணர்வு அவற்றில் இல்லை என்பது அவர் கருத்து. அச்சுப்படங்களாய் நம் சுவாமி அறைகளிலே தொங்கிய இலக்குமியையும் சரசுவதியையும் நோக்கும்போது, அக்கண்டனத்தை முற்றாக மறுக்க முடியவில்லை. தெய்வங்களுக்குச் சேலை உடுத்தி நம் அண்டை வீட்டுப் பெண்களாக்கிவிட்டார் அவர். ஆயினும், மகாபிரபையின் உருவத்துக்கு அக்குற்றம் பொருந்தாது. இங்கே வரையப்பட்டவள் தெய்வமல்லள், மனிதப் பெண். முறை மேல்நாட்டுடையது, கண்டதும் உணர்ந்ததும் இந்நாட்டுத் தந்தையொருவருடையன.

1906இல் ஓவியர் மறைந்தார். மகாபிரபையின் மகள் சேதுலட்சுமிபாய் 1900இல் திருவிதாங்கூர் அரசகுடும்பத்துக்குச் சுவீகாரம் சென்று, 1924 முதல் 1931 வரை இளவரசருக்காக நாட்டை ஆண்டார்.