கல்யாண மண்டபத்தில் ஒரு சாம்பியன்

பேட்மிண்டன் என்றதும் இன்றைக்கு சாய்னா, சிந்து, ஸ்ரீகாந்த் என்று பெயர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வருகின்றன. மரத்தரை போட்ட உள்ளரங்கம், வெளிநாட்டுப் பயிற்சியாளர் எல்லாம் இப்போது சகஜம். இவை எதுவுமே இல்லாத காலத்தில் ஒரு பையன் எப்படி ஆட்டக்காரன் ஆனான்? பிரகாஷ் படுகோனின் ஆரம்ப காலம் அதைச் சொல்லும்.

பிரகாஷ் 1955 ஜூன் 10 அன்று பெங்களூரில் பிறந்தார். அப்பா ரமேஷ் படுகோன் மைசூர் பேட்மிண்டன் சங்கத்தின் செயலாளராகப் பல வருடங்கள் இருந்தவர். மகன் கையில் மட்டையைக் கொடுத்தவரும் அவர்தான். மட்டை கிடைத்துவிட்டது, ஆட இடம்? வீட்டுக்குப் பக்கத்தில் கனரா யூனியன் என்ற கல்யாண மண்டபம் இருந்தது. அதுதான் ஆடுகளம்!

மண்டபம் என்றால் முகூர்த்தம் உண்டே. இன்றைக்கு ஏதாவது விசேஷம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இல்லை என்றால் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் ஆசை தீர ஆடலாம். இருந்தால், ஆட்டம் கிடையாது. ஒரு வருங்கால சாம்பியனின் பயிற்சி அட்டவணையை ஊரார் வீட்டுக் கல்யாணங்கள் முடிவு செய்தன!

1962-ல் மாநில ஜூனியர் போட்டியில் முதன்முதலாக இறங்கினார். முதல் சுற்றிலேயே தோல்வி. வயது ஏழுதானே! இரண்டே வருடத்தில், 1964-ல், அதே பட்டத்தை வென்றார்.

அடுத்த திருப்பம் 1971. இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோ அன்றைக்கு உலகின் முடிசூடா மன்னன். அவர் ஆட்டத்தில் கவரப்பட்ட பிரகாஷ், தன் ஆட்டத்தை வேகமான தாக்குதல் ஆட்டமாக மாற்றிக்கொண்டார். பலன் உடனே கிடைத்தது. தேசிய ஜூனியர் பட்டம், சீனியர் பட்டம் இரண்டும் ஒரே வருடத்தில்! அப்போது வயது 16. 1972-ல் அர்ஜுனா விருது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பதினாறு வயதில் இந்தியாவின் நம்பர் ஒன் ஆனவர், ஆல் இங்கிலாந்து பட்டத்தைத் தொட்டது 1980-ல். நடுவில் எட்டு வருடங்கள்! உள்ளூரில் அவரை அசைக்க ஆளில்லை. தேசியப் பட்டம் வருடா வருடம் அவருக்கே. ஆனால் ஜெயித்துக்கொண்டே இருப்பதால் மட்டும் ஆட்டம் வளராது. நம்மை விடப் பலசாலியிடம் மோத வேண்டும். அந்தப் பலசாலிகள் இருந்ததோ இந்தோனேசியாவிலும் சீனாவிலும் டென்மார்க்கிலும். வங்கி வேலையும் பார்த்துக்கொண்டு, கிடைத்த வெளிநாட்டு வாய்ப்புகளில்தான் அவர் கற்றுக்கொள்ள முடிந்தது. 1978-ல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வந்தது.

1980 மார்ச், லண்டன். ஆல் இங்கிலாந்து இறுதி ஆட்டம். எதிரே 1978, 1979 இரண்டு வருடமும் பட்டம் வென்ற லியெம் ஸ்வீ கிங். எம்பிக் குதித்து அடிக்கும் ஸ்மாஷ்தான் அவருடைய ஆயுதம். பிரகாஷ் வேகத்தோடு வேகமாக மோதவில்லை. மெதுவாக வலைக்கு அருகே இறக்கியும், போக்குக் காட்டியும், கிங்கை அவர் விருப்பப்படி ஆடவே விடவில்லை. 15-3, 15-10. வேகத்தால் இந்தியாவை வென்றவர், நிதானத்தால் உலகை வென்றார். 1947-ல் பிரகாஷ் நாத் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்ற அதே போட்டியில், ஓர் இந்தியரின் முதல் பட்டம் அது.

கல்யாண மண்டபத்திலிருந்தே சாம்பியன் வந்தாரே, அப்புறம் வசதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கு பிரகாஷே பதில் சொல்லிவிட்டார், வாயால் அல்ல. 1994-ல் பெங்களூரில் பயிற்சி அகாடமி ஒன்றைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற புல்லேலா கோபிசந்த் 2001-ல் அதே ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். பிறகு சாய்னாவையும் சிந்துவையும் உருவாக்கியவர் அந்தக் கோபிசந்த்தான்.

மண்டபம் ஒருவரைத் தந்தது. அகாடமி ஒரு வரிசையையே தந்தது. முகூர்த்த நாள் பார்த்துக் காத்திருந்த பையனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.