மணித்தியாலமும் பட்டமும்: கிரெடிற் முறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேயப் பல்கலைக்கழகங்களை நாடும் வெளிநாட்டு மாணவர் முதலில் எதிர்கொள்வது பாடத்தையன்று, கணக்கையே. பட்டத்துக்கு எத்தனை ‘கிரெடிற்’ தேவை, முன்னர் பெற்றவற்றுள் எத்தனை ஏற்கப்படும் என்பனவே அவர்முன் நிற்கும் வினாக்கள். கல்வியைக் காலத்தால் அளக்கும் இம்முறை எவ்வாறு நிலைபெற்றது என்பதை நாம் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

1869இல் ஹார்வாட் பல்கலைக்கழகத் தலைவராகிய சார்ள்ஸ் எலியற், மாணவர் தாமே பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை விரிவுபடுத்தினார். வேறுபட்ட பாடங்களைக் கற்றோரை ஒப்பிடப் பொது அளவுகோல் ஒன்று வேண்டியதாயிற்று. அதனை நிலைநிறுத்தியது கல்விக் கோட்பாடன்று, ஓய்வூதிய நிதியே. உருக்குத் தொழிலதிபர் அண்ட்ரூ கார்னெகி 1905இல் கல்லூரி ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கென ஒரு கோடி டொலர் வழங்கினார். அந்நிதியின் பயனைப் பெற விரும்பிய கல்லூரிகள், அனுமதிக்கு 14 உயர்நிலைப்பள்ளி அலகுகளைக் கோரவேண்டியிருந்தது. ஓர் அலகு என்பது 120 மணித்தியால வகுப்பு. காலப்போக்கில் பட்டப்படிப்பும் மணிக்கணக்கிலேயே அமைந்தது. இன்று அமெரிக்க இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிற் தேவை. பருவம் முழுவதும் வாரந்தோறும் ஒரு மணித்தியால வகுப்பும் இரு மணித்தியாலச் சுயகற்றலும் சேர்ந்ததே ஒரு கிரெடிற் எனலாம்.

ஐரோப்பாவில் 1989இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கிரெடிற் மாற்று முறை, மாணவரின் முழு உழைப்பையும் கணக்கிற் கொண்டது. அதன்படி ஓராண்டுக்கு 60 கிரெடிற். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம். 1999இல் 29 நாடுகள் ஒப்பமிட்ட பொலோஞா பிரகடனம் இதற்கு மேலும் வலுவூட்டியது.

இலங்கைத் தகைமைச் சட்டகமோ ஓராண்டுக்கு 30 கிரெடிற்றும், ஒவ்வொன்றுக்கும் 50 மணித்தியாலமும் வகுத்துள்ளது. ஆக மொத்தம் 1500 மணித்தியாலம். 60ஐ 25ஆற் பெருக்கினும் அதே தொகையே வரும். எனவே யாழ்ப்பாணத்தில் ஓராண்டு கற்றவரின் உழைப்பும் ஐரோப்பிய மாணவரின் உழைப்பும் கணக்களவிற் சமமானவை.

ஆயின் நடைமுறை வேறு. எதனை ஏற்பது என்பதைச் சேரும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. அதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது, பாடத்திட்ட விபரமும் வேண்டும். கட்டணத்திலோ வேற்றுமை வெளிப்படையானது. டென்மார்க் 2006இலும் சுவீடன் 2011இலும், ஆங்கிலவழிப் பட்டங்களுக்குப் பின்லாந்து 2017இலும், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு மட்டும் கட்டணம் விதித்தன.

உழைப்பை அளக்கும் கோல் ஒன்றே. அதன் விலையை நிர்ணயிப்பது கடவுச்சீட்டு. நாடுகளிடையே நாணயம்போற் செல்லும் இவ்வலகை, சமத்துவத்தின் சான்றென நாம் மயங்குதல் தகாது.