கல்மொண்ட் சரிவு: ஏறுகிறவர்களும் உழைக்கிறவர்களும்

ஜேர்மனியின் மொசெல் ஆறு ப்ரெம் என்ற ஊரருகே பெரிய வளைவொன்று எடுக்கிறது. அந்த வளைவுக்கு மேலே எழும்பி நிற்கிற மலைதான் கல்மொண்ட். மலை முழுக்க திராட்சை. சரிவு சில இடங்களில் 60 பாகையைத் தாண்டும். ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் இதுதான் என்று அந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்து ஊரான எல்லர் வரைக்கும் சரிவின் குறுக்கே ஒரு ஹைக்கிங் பாதை போகிறது. இரும்பு ஏணி, பிடித்து நடக்கக் கம்பிவடம், பாறையில் அறைந்த படிகள். வீடியோக்களை நாங்களும் வாய் பிளந்துதான் பார்த்தோம்.

ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஆட்கள் இல்லை. அதாவது, அங்கே வேலை செய்கிற ஆட்கள் இல்லை. இந்தச் சரிவில் டிரக்டர் ஓட்ட ஏலாது. கொடியை வெட்டுவதும் கட்டுவதும் பழம் பறிப்பதும் எல்லாம் கையால்தான். சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி ஆளையும் சாமானையும் மேலே ஏற்றும், அவ்வளவுதான். மொசெல் பக்கம் அறுவடைக்கு இன்று போலந்து, ருமேனியா நாடுகளிலிருந்து வருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே நட்டார்கள்? அந்தக் குளிர்நாட்டில் பழம் பழுக்க வெயில் வேண்டும். தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக வாங்கும். கரிய பலகைக்கல் பகலில் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும்.

நடப்பவருக்கும் உழைப்பவருக்கும் இடையிலான இந்தத் தூரம் பழையது. 4ஆம் நூற்றாண்டில் ரோமக் கவிஞர் அவுசோனியஸ் இந்த ஆற்றைப் பற்றி ‘மொசெல்லா’ என்ற நீண்ட கவிதை எழுதினார். அதில் சரிவில் திராட்சை வேலை செய்கிறவர்கள் வருகிறார்கள். கரையில் நடப்பவரும் படகில் போகிறவரும் கீழேயிருந்து அவர்களைக் கத்திக் கிண்டலடிக்கிறார்கள், மலை எதிரொலிக்கிறது. கவிஞருக்கு அது இனிமையான காட்சி. மேலே நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் எழுதவில்லை.

1815இல் இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போனது. தொடக்கத்தில் விவசாயிகளுக்கு நல்ல காலம். சுங்கவரி வெளி வைனைத் தடுத்ததால் மொசெல் வைனுக்குப் பிரஷ்யச் சந்தை திறந்தது. கடன் வாங்கிப் புதுத் தோட்டம் போட்டார்கள். பிறகு பிரஷ்யா மற்ற ஜேர்மன் அரசுகளோடு சுங்க ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது, 1834இல் சுங்க ஒன்றியம் வந்தது. தெற்கத்தைய வைன் தடையின்றி உள்ளே வர, விலை விழுந்தது. வரி மட்டும் குறைந்தபாடில்லை. விவசாயிகள் முறையிட்டபோது, மிகைப்படுத்துகிறார்கள் என்றது நிர்வாகம்.

இந்த நிலைமையை எழுதிய ‘ரைனிஷ சைட்டுங்’ பத்திரிகையின் நிருபரிடம் மாகாணத் தலைவர் ஆதாரம் கேட்டார். பதில் எழுதியது ஆசிரியர் கார்ல் மார்க்ஸ். மொசெல் கரையின் திரியர் நகரில் பிறந்தவர். 1843 ஜனவரியில் அவருக்கு வயது 24, கிட்டத்தட்ட எங்கள் வயதுதான்! பின்னாளைய தடித்த புத்தகங்களைவிட இந்தக் கட்டுரைகளிலிருந்து அவரை வாசிக்கத் தொடங்குவது நல்லது என்பது எங்கள் எண்ணம். தனி அதிகாரி கெட்டவர் என்று அவர் சொல்லவில்லை. நிர்வாகம் தன் வேலையைத் தானே சோதித்தால் பிழை எப்போதும் வெளியே, இயற்கையிலோ விவசாயியிடமோதான் தென்படும் என்றார். ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சாராமல் பேச ஒரு சுதந்திரப் பத்திரிகை வேண்டும் என்றார். பொருளாதாரக் கேள்விகளுக்குள் தன்னைத் தள்ளியவற்றில் மொசெல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று 1859இல் அவரே எழுதினார்.

ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதத் திட்டமிட்டிருந்தார். இரண்டுதான் அச்சேறின. மார்ச் முடிவோடு பத்திரிகையே மூடப்பட்டது. அந்தப் பதிற்றாண்டுகளில் மொசெல் பக்கத்திலிருந்து பலர் அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கப்பலேறினார்கள்.

கல்மொண்டிலும் 20ஆம் நூற்றாண்டில் பல துண்டு நிலங்கள் கைவிடப்பட்டன. உழைப்புக்குக் கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஏணிப் பாதை பற்றைக்காடாகிப்போன அந்தத் துண்டுகளுக்கு ஊடாகவும் போகிறது. பற்றைக்குள் கவனித்துப் பார்த்தால், சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் தெரியும்.